பாட்காஸ்டுக்கு நாமே இசையமைக்க எளிய கருவி எது?

வணக்கம் நண்பர்களே. சிறுகதை வாசிக்கும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கப் போகிறேன். அதில் வரும் இசையும் நான் உருவாக்கியதாக இருக்க வேண்டும் என்று ஆசை. பதிப்புரிமைத் தொல்லை இருக்காது, நிகழ்ச்சிக்கும் தனி அடையாளம் கிடைக்கும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் குரலை வெட்டி ஒட்டத் தெரியும். ஆனால் கணினியில் எதையும் நிறுவாமல், உலாவியிலேயே வேலை முடிந்தால் நல்லது. உலாவியிலேயே இசையமைக்க உதவும் பேண்ட்லேப், சவுண்ட்டிராப் தளங்கள் இரண்டையும் பார்த்தேன். லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத் துண்டுகளை, அடுக்குவது சுலபம்தான், ஆனால் அதே லூப் வேறொருவர் நிகழ்ச்சியிலும் ஒலிக்கலாமே! அதனால் மிடி கட்டங்களில் (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று திரையில் குறிக்கும் கட்டங்கள்) ஸ்வரங்களை நானே போட்டுப் பழக வேண்டும். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர் எங்கிருந்து தொடங்கலாம்?

அப்புறம், பேசும்போது இசை தானாகத் தணிய ஆடாசிட்டியில் ஆட்டோ டக் இருக்கிறது. உலாவிக் கருவிகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள்? பழகியவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.