ஐம்பதை நெருங்கும்போது மாரத்தானும் தூரதேசப் பயணமும்: நியாயமான ஆசையா, வீண் ஆடம்பரமா?

கொங்குத்தென்றல்:
கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் என்னோடு நடக்கத் தொடங்கிய என் வயதுக்காரர்களில் பலர் இப்போது ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் பத்துக் கிலோமீட்டரில் நிற்பதில்லை. அரை மாரத்தான், முழு மாரத்தான் என்று வளர்ந்து, ஆயுளுக்குள் ஒருமுறையேனும் ஓடிப் பார்த்துவிட வேண்டிய ஊர்கள் என்று லடாக்கின் லே, பெர்லின், டோக்கியோ எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எனக்கு வயது 49. பொதுத்துறை வங்கியில் பணி. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த செப்டம்பரில் லடாக் மாரத்தானின் முழுத் தூரத்தையும், அதற்கடுத்த ஆண்டு பெர்லினையும் ஓட விரும்புகிறேன். வீட்டில் இது குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆதரிப்பவர்களும் மறுப்பவர்களும் காரணங்களோடு எழுதினால் உதவியாக இருக்கும். வாழ்த்துச் செய்திகள் வேண்டாம்.

வைகைக்கரை:
நான் மறுக்கும் தரப்பு. ஓடுவது நல்லதா என்பதில் எனக்குச் சண்டையில்லை. உடல்நலத்துக்கு வாரத்தில் சில நாள் அரைமணி நேர ஓட்டம் போதும். அதை ரேஸ்கோர்ஸிலேயே காசு செலவின்றி ஓடிவிடலாம். அப்படியிருக்க முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் என்ன புனிதம் இருக்கிறது? 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி வகுத்த பாதையின் நீளம் அது. 1921-இல் அதையே நிலையான அளவாக ஏற்றுக்கொண்டார்கள். அரச குடும்பத்தின் வசதிக்காக அமைந்த ஒரு நீளத்தை, மூட்டு தேயத் தொடங்கும் வயதில் நாம் ஏன் இலட்சியமாக்கிக்கொள்ள வேண்டும்?

பட்டியல் விஷயம் இதைவிட மோசம். ஊரைப் பார்க்கும் ஆவலில் போகிறவர் அங்கே நான்கு நாள் தங்கி, தெருத்தெருவாக நடந்து, உள்ளூர்க்காரர்களோடு பேசிவிட்டு வருவார். பட்டியலுக்காகப் போகிறவர் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படமெடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு விண்ணப்பம் போடுவார். இலண்டன் மாரத்தானின் 2026-ஆம் ஆண்டுக் குலுக்கலுக்குப் பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இத்தனை பேருக்கும் தனித்தனியே உள்ளுக்குள் எழுந்த ஆசை இது என்று என்னால் நம்ப முடியவில்லை.

நெட்டோட்டம்:
வைகைக்கரை ஐயா, தூரம் தற்செயலாக அமைந்தது என்பது உண்மைதான். நூற்றுக்கு முப்பத்தைந்து என்ற தேர்ச்சி மதிப்பெண்ணும், அறுபது என்ற ஓய்வு வயதும் அப்படி யாரோ வகுத்தவையே. ஆனாலும் அவற்றை வைத்துத்தான் நாம் திட்டமிடுகிறோம். மாரத்தானின் பயன் ஓடும் அந்த ஒரு நாளில் இல்லை. தேதி குறித்துவிட்டால் அதற்கு முந்தைய நான்கைந்து மாதங்கள் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன: உறக்கம் சீராகும், இரவு விருந்து குறையும், எடை இறங்கும். “வாரத்தில் சில நாள் அரைமணி நேரம்” என்று தொடங்கியவர்களில் எத்தனை பேர் மழைக்காலம் தாண்டியும் ஓடினார்கள் என்பதை நீங்களே சுற்றிப் பாருங்கள்.

வயதைப் பற்றிய அச்சமும் அளவுக்கு மீறியது. நூறு மீட்டர் வேகம் போகிற அளவுக்கு நெடுந்தூரம் தாங்கும் திறன் விரைவாகப் போய்விடுவதில்லை. பாஸ்டன் மாரத்தான் 2026-க்கு வகுத்த தகுதி நேரத்தைப் பாருங்கள்: 35 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 2 மணி 55 நிமிடம், 50 முதல் 54 வயது வரை 3 மணி 20 நிமிடம். இருபது ஆண்டு இடைவெளிக்கு அவர்கள் தரும் சலுகை 25 நிமிடம் மட்டுமே. மூட்டு தேயும் என்பதும் செவிவழிச் செய்திதான். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இருந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபி ஓட்டக்காரர் ஃபௌஜா சிங் முழு மாரத்தான் ஓடத் தொடங்கியதே எண்பது வயதைக் கடந்த பிறகுதான்.

வைகைக்கரை:
அதே தொகுப்பாய்வில் போட்டிக்காக ஓடுபவர்களின் கணக்கு 13.3 விழுக்காடு. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பட்டியல் போட்டு, நேரம் குறித்து, தகுதிக்காகத் துரத்துகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதே என் கேள்வி. ஃபௌஜா சிங்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் மிக முதிய மாரத்தான் ஓட்டக்காரர் என்ற அவருடைய சாதனையைக் கின்னஸ் பதியவில்லை என்பது வேறு கதை. கோடியில் ஒருவரைக் காட்டி வங்கி நாற்காலியில் இருபத்தைந்து ஆண்டு உட்கார்ந்த உடலுக்குத் தைரியம் சொல்லக் கூடாது.

மூட்டை விடுங்கள், இதயத்துக்கு வாருங்கள். பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் நடுமதிப்பு வயது தெற்காசியர்களுக்கு 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. நண்பர் லேவுக்குப் போக நினைப்பது சரியாக அந்த வாசலில்.

பொதுமருத்துவன்:
இரண்டு தரப்பினரும் தங்களுக்குச் சாதகமான எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால் சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு, அரை மாரத்தான்கள் ஓடிய ஒரு கோடியே ஒன்பது இலட்சம் பேரை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில் 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது. 42 பேர் இறந்தார்கள். அதாவது ஏறக்குறைய 1,84,000 பேரில் ஒருவருக்கு இதயத் துடிப்பு நின்றது. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 42, பெரும்பாலோர் ஆண்கள், முழுத் தூரத்தில் ஆபத்து அரைத் தூரத்தைவிடப் பல மடங்கு. ஆபத்து மிகச் சிறியது. ஆனால் அது விழும் இடம் நம் கொங்குத்தென்றல் போன்றவர்கள்தான்.

டிரெட்மில் பரிசோதனையில் தேறிவிட்டேன் என்பவர்களுக்கு ஒரு சொல். இரத்தக்குழாய் கணிசமாக அடைபட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். சிறிய கொழுப்புப் படிவு திடீரென வெடிப்பதை முன்கூட்டிச் சொல்லாது. ஆகவே தந்தைக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா, சர்க்கரையும் கொழுப்பும் எந்த அளவில் இருக்கின்றன, ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறதா என்ற கேள்விகள் பரிசோதனைத் தாளுக்கு நிகரானவை.

லே தனி விஷயம். ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடல் பழக நாள்கள் வேண்டும். இரண்டு நாள் முன்னால் விமானத்தில் இறங்கி முழுத் தூரம் ஓடலாம் என்பது தற்கொலைக்கு நெருக்கமான திட்டம். தலைவலியும் குமட்டலும் இருந்தால் பந்தய எண் அச்சிட்ட துணியைச் சட்டையில் குத்தியிருந்தாலும் ஓடக் கூடாது. இன்னொன்று: தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது.

அதிகாலை:
மூட்டைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டீர்கள். நேரம் யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. எனக்கு 53 வயது. அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு நாலரை மணிக்கு வாசலைத் தாண்ட வேண்டுமென்றால், சனி இரவே மாவைப் புளிக்க வைத்து, டிகாஷன் இறக்கி, சட்னிக்கு வெங்காயம் உரித்து மூடி வைத்து, மாமியாரின் காலை மாத்திரைகளைக் கிண்ணத்தில் எண்ணி வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். வழியில் தெரு நாய்களும், முகத்தில் டார்ச் அடித்துப் பார்க்கும் பைக்குகளும் உண்டு. ஆகவே தனியாக ஓட முடியாது, துணை கிடைக்கும் நாளில்தான் ஓட்டம். என் குழுவிலுள்ள ஆண்களில் பலர் திரும்பி வரும்போது சிற்றுண்டி தயாராக இருக்கிறது. அது எப்படித் தயாரானது என்பதும் பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதிதானே?

பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் அதிகாரபூர்வமாக ஓட அனுமதி கிடைத்தது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல். உடல் தாங்காது என்று அன்று சொன்ன காரணம் பொய்யென்று தெரிந்துவிட்டது. வீடு தாங்காது என்ற காரணம் இன்னும் இருக்கிறது. ஆகவே வைகைக்கரை அவர்களின் மறுப்பை நான் ஏற்கவில்லை. ஆசைப்பட எங்களுக்கும் உரிமை உண்டு. கொங்குத்தென்றல் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வீட்டில் கருத்து வேறுபாடு என்று எழுதினீர்கள். உங்கள் மனைவியின் பட்டியலில் என்ன இருக்கிறது?

நெட்டோட்டம்:
நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் இதை யாரும் கேட்டதில்லை.

கொங்குத்தென்றல்:
நேற்றிரவு கேட்டேன். அவளுக்கு லேவைப் பார்க்க விருப்பம், ஓட விருப்பமில்லை. பெர்லினைப் பற்றி எதுவும் இல்லை. தன் அக்காவோடு காசிக்கு ரயிலில் போய்வர வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருக்கிறாள். காசிக்கு அவர்கள் ஜனவரியில் போகிறார்கள்; அந்த நாள்களில் வீட்டையும் மகளின் படிப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன். லேவுக்கு முழுத் தூரத்தை விட்டு 21 கிலோமீட்டருக்குப் பதிவு செய்வேன். மகளின் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தால் மூவரும் ஒரு வாரம் முன்னதாகவே போகிறோம். மருத்துவர் கேட்ட குடும்ப வரலாற்றில், என் தந்தைக்கு 56 வயதில் மாரடைப்பு வந்தது. இதயநோய் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன்.

வைகைக்கரை:
அரைத் தூரத்துக்கும் காற்று அதே காற்றுதான். செலவு எங்கிருந்து வருகிறது என்பதையும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

கொங்குத்தென்றல்:
லே செலவில் பெரும்பகுதி வங்கி தரும் விடுப்புப் பயணச் சலுகையில் அடங்கும். பெர்லினுக்கு அது உதவாது. உள்நாட்டுப் பயணத்தோடு வெளிநாட்டையும் சேர்த்துச் சுற்றினால் வரிவிலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு வங்கி வழக்கிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மகளின் கல்விக்காகப் போட்டிருக்கும் வைப்புத்தொகையைத் தொட மாட்டேன். ஆகவே பெர்லின் அவள் பட்டம் வாங்கும்வரை காத்திருக்கட்டும்.

வைகைக்கரை:
அப்படியானால் 53 வயதில் ஓடுவீர்கள். என் மறுப்பை அப்போது மீண்டும் எழுதுகிறேன்.