பழையபேட்டைல பேங்க் இருந்த பழைய கட்டடம், இடிக்கறதா வச்சுக்கறதா?

மட்டப்பா வீடு:
வணக்கங்க. கிருஷ்ணகிரி பழையபேட்டைல மலையடிவாரத்துக்கிட்ட எங்க தாத்தா கட்டின மாடிக்கட்டடம் ஒன்னு இருக்கு. கீழ ஒரு பேங்க் ரொம்ப வருஷமா வாடகைக்கு இருந்துச்சு, மாடில மேனேஜர் குடும்பம். இப்ப பார்க்கிங் இல்ல, ஏடிஎம் வைக்க இடமில்லன்னு சொல்லிட்டு பைபாஸ் பக்கம் போயிட்டாங்க, போறப்ப லாக்கரெல்லாம் எடுத்துட்டு ஸ்ட்ராங் ரூம் இரும்புக்கதவ பூட்டி சாவியோட போயிட்டாங்க, கேட்டா இன்னைக்கு நாளைக்குன்றாங்க. மழை வந்தா மாடி ஒழுகுது. இஞ்சினியர் வந்து பாத்துட்டு இந்த மெட்ராஸ் டெரஸ், அதான் மரக்கட்டை மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய மேல்தளம், இதெல்லாம் இனிமே தாங்காது, இடிச்சிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டுங்கன்றார். சித்தப்பாவுக்கும் அதான் ஆசை, அப்பாவுக்கு மனசு வரல. ஹெரிடேஜ்னு பதிவு பண்ணா கவர்மென்ட்ல ஏதாச்சும் பணம் கிடைக்குமா?

கோட்டைவாசல்:
பணத்த நம்பி உக்காராதீங்க ப்ரோ. ஆனா இடிக்கறதுக்கு முன்னாடி ஒன்னு பாருங்க, மலைமேல இருக்கற கோட்டை மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. 2010ல சட்டத்த திருத்தினப்புறம் பாதுகாக்கப்பட்ட எல்லைல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். உங்க இடம் அந்த 100க்குள்ள வந்துச்சுன்னா இடிச்சப்புறம் காம்ப்ளெக்ஸும் வராது, பழைய கட்டடமும் இருக்காது, காலி மனைதான். ரிப்பேருக்கு அனுமதி கேட்டா குடுப்பாங்க. சித்தப்பாகிட்ட மொதல்ல இத சொல்லுங்க.

சுண்ணாம்பு மேஸ்திரி:
தம்பி, தாங்காதுன்னு கீழ நின்னு பாத்துட்டு சொன்னாரா, ஏணி வச்சு ஏறிப்பாத்துட்டு சொன்னாரா? மெட்ராஸ் டெரஸ்னா தேக்குக்கட்ட மேல சின்ன செங்கல செங்குத்தா நிக்கவச்சு சுண்ணாம்புல கோத்து, அதுமேல செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு, கடைசியா தட்டோடு ஒட்டறது. இது சாதாரணமா கெடாது. கெடுக்கறது யாருன்னா, லேசா ஒழுகுதுன்னு மேல சிமெண்ட் பூசற ஆளுங்கதான், சுண்ணாம்பு ஈரத்த இழுத்து வெளிய விடும், சிமெண்ட் அத உள்ளயே அடைச்சு வச்சுரும், அந்த ஈரம் கட்டைல எறங்கும். கட்டையோட முனை செவுத்துக்குள்ள போற இடத்துல ஸ்க்ரூ டிரைவரால குத்திப்பாருங்க. சடக்குனு உள்ள போச்சுன்னா அந்தக் கட்டைய மாத்தணும், போகலன்னா சிமெண்ட கொத்தி எடுத்துட்டு மேல்தளத்த மட்டும் சுண்ணாம்புல திரும்பப் போட்டா போதும். கடுக்காய் வெல்லம் ஊறவச்ச தண்ணில கலக்கத் தெரிஞ்ச ஆளு கம்மி, கூலியும் ஜாஸ்தி, அதையும் சொல்லிடறேன்.

புளிமண்டி ராஜா:
கட்டடத்த புகழற எவனும் சொத்துவரி கட்டப்போறதில்ல. வாடகை வரணும், அதான் கேள்வி. அதுக்காக இடிக்கச் சொல்லல. நம்ம பக்கம் பழைய பேங்க்னா மெட்ராஸ்ல இருக்கற மாதிரி தூணும் கோபுரமும் கிடையாது, வியாபாரி வீட்டு முன்கட்டுதான். 1969ல பெரிய பேங்க் 14ஐ அரசாங்கம் எடுத்துச்சு, அப்புறம்தான் சின்ன ஊர்லெல்லாம் கிளை மளமளன்னு வந்துச்சு, செவுரு தடிமனா இருக்கற எந்த வீடும் பேங்க் ஆயிடுச்சு. அந்த ஸ்ட்ராங் ரூம நகைக்கடைக்காரனுக்குக் காட்டுங்க, அதுக்காகவே வருவான்.

மட்டப்பா வீடு:
மேல ஏறிப்பாத்தேன், பாதி மாடிக்கு சிமெண்ட்தான் பூசியிருக்கு, ஒழுகறதும் அந்தப் பாதிதான்! கட்டை மூணு மட்டும் மெத்துனு இருக்கு. இரும்புக்கதவ கேஸ் கட்டர் வச்சு வெட்டிரலாமா?

கோட்டைவாசல்:
ஐயோ வெட்டாதீங்க. சாவி கைக்கு வர்ற வரைக்கும் இடத்த ஒப்படைச்சதா எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, ரீஜனல் ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால்ல எழுதுங்க, சாவி தர்ற நாள் வரைக்கும் வாடகையும் சேத்துக் கேளுங்க. சாவி தானா வரும்.