இயேசுவைப் பின்பற்றுறது எண்டா என்னெண்டு கண்ணால கண்ட ஆக்கள் இரிக்கீங்களா? எழுதுங்க

கல்லடி மருமகன்:
2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மட்டக்களப்பு எப்பிடி இருந்திச்சு எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லத் தேவல்ல. சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்சு அவ்வளவு சனமும் செத்து, முஸ்லிம் ஆக்கள்ட கடையில ஒண்டும் வாங்கப்படா எண்டு வாட்சப்ல வந்துகொண்டே இருந்த நேரம். எங்கட மாமி ரிட்டயர்ட் டீச்சர், நத்தாருக்குக் காத்தான்குடியில ஒரு முஸ்லிம் முதலாளிட புடவைக்கடையிலதான் எப்பவும் துணி எடுப்பா, அந்த வருசமும் வெளிக்கிட்டா, வீட்டுல எல்லாரும் சண்டை, அவ ஒண்டும் கதைக்காம குடையத் தூக்கிக்கிட்டு கல்முனை பஸ்ல ஏறிட்டா, தனிய விட ஏலாம நானும் பின்னால போனன். கடையில சனமே இல்ல. "வாங்க டீச்சர்" எண்டார் முதலாளி, அதுக்குமேல அவருக்குக் கதை வரல்ல. "தம்பி, போனமுறை தந்த வெள்ளைத்துணி இரிக்கா, மூண்டு மீட்டர் வெட்டுங்க" எண்டா மாமி. மனிசன் அளந்து கத்தரிக்கோல வச்சார், வெட்ட ஏலல்ல, கை அப்பிடி நடுங்குது. மாமி மற்றப் பக்கத்த இழுத்துப் பிடிச்சுக் குடுத்தா. மறுகாதான் வெட்டினார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிரிக்கன், ஆனா இயேசு காட்டின வழி எண்டு ஆராச்சும் சொன்னா எனக்கு மாமிட கைதான் வருது.

புளியந்தீவான்:
தம்பி, மாமி நல்ல மனிசி, அதுல கதையில்ல. ஆனா இதப் படிச்சிட்டு "பாத்தீங்களா மன்னிச்சாச்சு" எண்டு சனம் பரப்பும், அது எனக்குப் பிடிக்கல்ல. அந்தக் குண்டுவெடிப்புல புள்ளையப் பறிகுடுத்த வீடு எங்கட ஒழுங்கையிலயே இரிக்கு. அண்டைக்கு வந்த ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒரு வசனத்தச் சொல்லிட்டுப் போனாங்க, அந்தத் தாய் சுவரப் பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு போதகரம்மா மட்டும் வசனம் சொல்லல்ல. நேரே குசினிக்குப் போய், குவிஞ்சு கிடந்த கோப்பை பீங்கான் எல்லாத்தையும் கழுவி, சோறாக்கி, தாய்க்கு ஊட்டிட்டுப் போனா. அந்தத் தாய் அண்டைக்குத்தான் வாயத் திறந்து தின்டது.

கல்லாறு அண்ணன்:
ரெண்டு பேரும் சொல்றது ஒண்டுதான், ஏன் சண்டை. 78 சூறாவளியில எங்கட கூரை போய், அப்பா டோர்ச்ச நிலத்துக்கு அடிச்சுக்கிட்டு முன்னால போக நாங்க கல்வீட்டுக்கு ஓடினம், எனக்குத் தெரிஞ்சது அப்பாட குதிக்கால் மட்டுந்தான். சங்கீதம் 119:105 வாசிச்சுப் பாருங்க, கால்களுக்குத் தீபம் எண்டுதான் இரிக்கி, அடுத்த அடிக்குக் காணும். தம்பிமாருக்கு ஒண்டு சொல்றன், காலையில போன எடுக்க முதல் சுவிசேஷத்துல ஒரு அதிகாரம் முழுசா வாசிங்க, பைபிளக் கண்ண மூடித் திறந்து கையில பட்ட வசனத்த வாக்குத்தத்தம் எண்டு எடுக்காதீங்க. யோவான் 8:12ல "நான் உலகத்திற்கு ஒளி" எண்டு சொன்னத தனிய எடுக்காம 7ஆம் அதிகாரத்துல இருந்து வாங்க, அது கூடாரப்பண்டிகை நேரம், எருசலேம் ஆலயத்துல அந்த நாளையில பெரிய விளக்குகள் ஏத்துவாங்க, அந்த இடத்துல நிண்டு சொன்னது எண்டு வைச்சுப் பாத்தா எப்பிடி இரிக்கும்! அதோட அவர் "என்னைப் பின்பற்றுகிறவன்" எண்டுதான் சொல்றார், பாத்துக்கிட்டு இரிக்கிறவன் எண்டு சொல்லல்ல. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயா 1814ல மட்டக்களப்புக்கு வந்தவர், 1815லயே இஞ்சயே மரிச்சிட்டார், அந்தக் கொஞ்சக் காலத்துல புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பலனப் பாக்க அவர் இருக்கல்ல. ஆகவே பலன் பாத்து நடக்காதீங்க, கிழமைக்கு ஒரு வீட்டுக்காவது போங்க, வெறுங்கையோட போகாதீங்க.

கல்லடி மருமகன்:
புளியந்தீவு அண்ணே, மன்னிச்சாச்சு எண்டு நான் எழுதல்லயே. மாமிட தங்கச்சிட வீட்டுலயும் அண்டைக்குக் காயம்பட்டவங்க இரிக்காங்க, அவ அழாத நாளில்ல. அழுதுகிட்டேதான் கடைக்குப் போனா. நீங்க சொன்ன அந்தப் போதகரம்மா இப்பவும் அந்தப் பக்கந்தான் இரிக்காவா? மாமி அவவப் போய்ப் பாக்க வேணுமாம், கேக்கச் சொன்னா.