தொகுதி மறுவரையறை: புதுக்கோட்டையின் ஆறு தொகுதிகளும் சேர்ந்திருக்க நாம் கேட்க வேண்டியது

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும், அதையொட்டி வரக்கூடிய தொகுதி மறுவரையறையையும் (மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகளின் எண்ணிக்கையையும் எல்லைகளையும் மாற்றியமைப்பது) பற்றி நம் குழுவில் சில நாள்களாக மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்கள் குறையுமா என்ற கவலையைப் பற்றியவை. அந்தக் கவலை நியாயமானதே. அதற்காகத்தான் 2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, 1971 மக்கள்தொகைக் கணக்கின்படியான நிலையே 2026 முதல் மேலும் 30 ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த வாதத்தை மாநிலம் நடத்திக்கொள்ளும். ஆனால் இடங்கள் கூடினாலும் குறைந்தாலும், மாநிலத்துக்கு உள்ளே கோடுகளை எங்கே போடுவது என்ற கேள்வி தனியாக வரும். அந்தக் கேள்வியில் நமக்காகப் பேச நம்மைத் தவிர யாரும் இல்லை என்பதால் இந்த மடலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இளையவர்கள் பலருக்குப் புதுக்கோட்டை என்று ஒரு மக்களவைத் தொகுதி இருந்ததே தெரியாது. 1952-இன் முதல் பொதுத் தேர்தலில் வல்லத்தரசு வென்ற தொகுதி அது. பின்னர் உமாநாத், திருச்சி சிவா, திருநாவுக்கரசர் எனப் பலரை அது டெல்லிக்கு அனுப்பியது. 2004-இல் தேர்வான ரகுபதிதான் அதன் கடைசி உறுப்பினர். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மறுவரையறை ஆணையத்தின் ஆணை 2008 பிப்ரவரி 19 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. 2009 தேர்தலிலிருந்து மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு திசைகளில் வாக்களிக்கின்றன. புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சியோடும், நம் விராலிமலை கரூரோடும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடும், அறந்தாங்கி ராமநாதபுரத்தோடும் சேர்ந்தன. அந்த ஆண்டு ஊரில் இருந்தவர்களுக்கு, வாக்குச்சாவடிக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு 'வாக்களிக்க விருப்பமில்லை' என்று 49-ஓ விதியின்கீழ் எழுதிக் கொடுத்தவர்களை நினைவிருக்கும். கட்சி வேறுபாடில்லாமல் எழுந்த கோபம் அது.

நம் மாவட்டத்தில் ஆள் போதாது, அதனால்தான் தொகுதி போய்விட்டது என்று நம் பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மறுவரையறைக்கு அடிப்படையாக இருந்த 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. அதை 39-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 16 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 14,59,601, அதாவது சராசரியைவிட 8.8 விழுக்காடு குறைவு. சராசரியிலிருந்து பத்து விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதுதான் ஆணையம் கடைப்பிடித்த நெறிமுறை. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். நமக்குக் கிடைத்தவையும் சரியாக ஆறு. மாவட்ட எல்லையையே தொகுதி எல்லையாக வைத்திருந்தால் விதி எதுவும் மீறப்பட்டிருக்காது. தொகுதிகள் இயன்றவரை கச்சிதமான நிலப்பரப்பாக அமைய வேண்டும் என்றும், நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்வதற்கும் அதுவே பொருத்தமாக இருந்திருக்கும்.

பிறகு ஏன் பிரித்தார்கள்? அண்டை மாவட்டங்களின் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. சிவகங்கையில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள். ஆறாக்க இரண்டு தேவை. ராமநாதபுரத்தில் நான்கு; திருச்சுழி ஒன்று, நம் அறந்தாங்கி ஒன்று என்று நிரப்பினார்கள். கரூரில் நான்கு இருந்தும் குளித்தலை பெரம்பலூர்ப் பக்கம் போனதால் மூன்றே மிஞ்ச, வேடசந்தூர், மணப்பாறை, விராலிமலை ஆகியவை அங்கே சேர்ந்தன. திருச்சி மாவட்டத்தின் ஒன்பதில் நான்கு பெரம்பலூருக்கும் ஒன்று கரூருக்கும் போனபின் மிஞ்சியது நான்கு. அங்கேயும் நாம் இரண்டு கொடுத்தோம். பங்காளி வீடு ஒவ்வொன்றிலும் குறைந்த மரக்காலை நிரப்ப ஒரே களத்து நெல்லை அள்ளிக் கொடுத்த கதைதான். நடுவில் இருந்ததும், கேட்க ஆளில்லாமல் இருந்ததுமே நம் குற்றம். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணையத்தில் மாநிலத்திலிருந்து ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் அவர்கள் வழியாகக் கருத்தைச் சொல்ல முடியும். மாவட்டத்தைக் காப்பாற்றும் வலுவோடு நம் குரல் அந்த மேசையில் அப்போது ஒலிக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதனால் என்ன நட்டம் என்று துபாயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரைப் போலப் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களுக்கே இது அதிகம் புரிய வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர்க்காரர் ஒருவர் வளைகுடாவில் வேலை செய்யும் இடத்தில் இறந்துபோனார். உடலைக் கொண்டுவர வெளியுறவு அமைச்சகத்துக்கு எம்.பி. ஒரு கடிதம் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும் என்று யாரோ சொன்னார்கள். இறந்தவரின் தகப்பனாரும் தாய்மாமனும் கடவுச்சீட்டு நகலையும் நிறுவனம் அனுப்பிய தாளையும் ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, விராலிமலை, மணப்பாறை என்று பேருந்து மாறி மாறிக் கரூருக்குப் போனார்கள். எம்.பி. அன்று வேடசந்தூர்ப் பக்கம் நிகழ்ச்சியில் இருந்தார். அலுவலகத்தில் இருந்தவர்கள் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விவரங்களையெல்லாம் எழுதிக்கொண்டு, கடிதத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரே பேருந்து; அங்கே ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. எம்.பி.யைத் தேடும்போது மட்டும் அந்தக் குடும்பம் முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. வேடசந்தூரிலிருந்து விராலிமலை வரை நீளும் தொகுதியில் யார் எம்.பி.யாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

நான்கு எம்.பி.க்கள் இருந்தால் நான்கு மடங்கு பலம்தானே என்பது இன்னொரு கருத்து. நம் குழுவில் நன்கு படித்தவர்களே அப்படி எழுதியிருப்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2024-இல் தேர்வான நால்வரும், திருச்சியில் துரை வைகோ, கரூரில் ஜோதிமணி, சிவகங்கையில் கார்த்தி சிதம்பரம், ராமநாதபுரத்தில் நவாஸ்கனி என, நாடாளுமன்றத்தில் பேசக்கூடியவர்களே. ஆனால் நால்வருக்கும் தலைமையிடம் வேறு மாவட்டத்தில் இருக்கிறது. நால்வருக்கும் நம் பகுதி ஒரு ஓரம். ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய்த் தொகுதி மேம்பாட்டு நிதியில் நமக்கு வருவது அந்த ஓரத்தின் பங்கு. தஞ்சாவூரிலிருந்து கந்தர்வக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை எத்தனை காலமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். திருச்சி எம்.பி.க்கு அது பத்துக் கோரிக்கைகளில் ஒன்று, புதுக்கோட்டை எம்.பி. என்று ஒருவர் இருந்தால் அவருக்கு அதுவே முதல் கோரிக்கையாக இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, மாவட்டம் முழுவதன் இழப்பையும் ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டு டெல்லியில் பேசும் பொறுப்பு எந்த ஒருவருக்கும் உரியதாக இல்லை.

இங்கே ஒரு விஷயத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். மாவட்டம் முழுவதும் ஒரே மனதோடு இருக்கிறது என்று நாம் மனுவில் எழுதினால் அது உண்மையாகாது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்களிடம் கேட்டால், ராமநாதபுரத்தோடு இருப்பதில் தங்களுக்கு வருத்தமில்லை என்று சொல்லக்கூடும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவர்களும் ராமேசுவரத்துக்காரர்களும் ஒரே துயரத்தில் இருக்கிறார்கள், ஒரே எம்.பி. இருவருக்காகவும் பேசுவது அவர்களுக்கு உதவிதான். வரலாற்றிலும் அறந்தாங்கிப் பகுதி புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் சமஸ்தானத்தில் இருந்ததன்று. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது. ஆகவே அந்தச் சமஸ்தானத்து நாணயத்தை வைத்து 'அம்மன் காசு புழங்கிய மண்' என்று சொல்லும் பெருமையை மட்டும் வைத்து நாம் வாதாடினால் அறந்தாங்கிக்காரர்கள் நம்மோடு நிற்க மாட்டார்கள். அவர்கள் சங்கங்களிடம் முதலில் பேசி, அவர்களுடைய விருப்பத்தை அவர்கள் சொற்களிலேயே மனுவில் சேர்க்க வேண்டும். அவர்கள் கடலோரத்தோடு இருக்கவே விரும்பினால், ஐந்தையாவது சேர்த்து வைக்கக் கேட்போம்.

மலேசியாவிலிருந்து ஒருவர், இன்ன சமுதாயத்தார் இத்தனை பேர் ஒரே தொகுதிக்குள் வரும்படி கோடு போடச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. மக்களைச் சேர்த்து வைப்பது என்று நான் சொல்வது, ஒரே சந்தைக்குப் போய், ஒரே ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, ஒரே கண்மாய்ப் பாசனத்தையும் ஒரே மானாவாரி நிலத்தையும் நம்பியிருப்பவர்களைச் சேர்த்து வைப்பதைத்தான். சாதிக் கணக்கை மனுவில் ஏற்றிவிட்டால், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட கந்தர்வக்கோட்டைத் தொகுதியின் மக்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? சங்கத்தின் பெயரில் அப்படி ஒரு வரி போனால் நான் அதில் கையெழுத்திட மாட்டேன் என்பதை இப்போதே தெரிவித்துவிடுகிறேன்.

இனி நமக்கு இருக்கும் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345. மாநிலத்தின் மக்கள்தொகை 7,21,47,030. இடங்கள் 39-ஆகவே இருந்தால் அந்தக் கணக்கில் தொகுதிச் சராசரி 18.5 லட்சம், நாம் அதைவிடப் பன்னிரண்டரை விழுக்காடு குறைவு. நம் பிள்ளைகள் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருப்பதால் அடுத்த கணக்கில் இடைவெளி இன்னும் கூடினாலும் வியப்பில்லை. சட்டமன்றத் தொகுதிகள் ஆறு ஐந்தாகக்கூடும். எனவே 'பழையபடி எங்களுக்கென ஒரு மக்களவைத் தொகுதி கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால், எண்ணிக்கையைக் காட்டி மறுத்துவிடுவார்கள். மாவட்டத்தை உடைக்காமல் முழுதாக வைத்து, குறைவதற்கு ஒரு பக்கத்துத் தொகுதியைச் சேருங்கள் என்று கேட்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. என் யோசனை பேராவூரணி. தஞ்சை மாவட்டத்தில் இருந்தாலும் தென்னை, கஜா, கடைமடைப் பாசனம் என்று ஆலங்குடி, அறந்தாங்கி மக்களோடு ஒட்டி வாழ்பவர்கள் அவர்கள். திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி உள்ளிட்ட நம் ஐந்து ஒன்றியங்கள் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் டெல்டாவோடு சேர்க்கப்பட்டதே இந்த ஒட்டுறவுக்குச் சான்று. ஆனால் முன்பு நம்மைக் கேட்காமல் செய்ததை நாம் பேராவூரணிக்குச் செய்யக் கூடாது. அவர்கள் சங்கங்களையும் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஆணையம் அமைந்தபின் வரைவு அரசிதழில் வெளியாகும். மறுப்புச் சொல்லக் கடைசி நாள் குறிப்பிடப்படும். பின்னர் பொது அமர்வுகள் நடக்கும். இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியலமைப்பின் 329-ஆவது கூறு தடை போடுகிறது. வெளிப்படையாகத் தன்னிச்சையான ஆணையாக இருந்தால் தலையிடலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், அந்தக் கதவு மிகக் குறுகலானது. ஆகவே வரைவு வெளிவந்தபின் கூடிப் பேசலாம் என்று இருந்தால் காலம் போதாது.

நான் கேட்பது இவ்வளவுதான். மேலே உள்ள கணக்கைச் சரிபார்த்து ஒரு பக்க மனு வரைவாக எழுத, கணக்கும் சட்டமும் தெரிந்த இருவர் முன்வர வேண்டும். ஊரில் இருக்கும் நம் நிர்வாகிகள் அடுத்த கிராம சபையில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் போடச் சொல்லி ஊராட்சி நிர்வாகத்திடம் பேச வேண்டும். அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்தால் வலு கூடும். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவர்கள், 6ஏ படிவத்தில் விண்ணப்பித்து ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். வாக்களிக்க நேரில்தான் போக வேண்டும் என்றாலும், மனுவில் வாக்காளராகக் கையெழுத்திடுவதற்கு அது பயன்படும். என்னைப் போல வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் பின்னால் நின்று உதவுவோம். கையெழுத்து ஊராருடையதாக இருக்கட்டும். அறந்தாங்கி, பேராவூரணிப் பக்கத்துச் சங்கங்களில் பழக்கம் உள்ளவர்கள் இந்த மடலுக்கு மறுமொழியாகத் தெரிவித்தால் இந்த மாதமே பேச்சைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்களில் ஒருவன்