பல் எடுத்த மூன்றாம் நாள் ராத்திரி

கீழ் வலது கடைவாயில் ஞானப்பல் சாய்ந்து முளைத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. ஈறு அடிக்கடி வீங்கி வாயைத் திறக்கவே முடியாமல் போனதால், போன மாதம் எடுத்துவிட்டேன். எடுத்தபோது வலி தெரியவில்லை. மரத்துப்போக ஊசி, நாற்பது நிமிடம், இரண்டு தையல், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பஞ்சு முழுக்கச் சிவப்பு. அம்மா பதறிப்போனார். "ரத்தத்தை விழுங்காதடி, குமட்டும். துப்பு, துப்பு" என்று கிண்ணத்தை நீட்டினார். துப்பினேன். அப்புறம் வாய் கசகசவென்று இருக்கிறதே என்று தண்ணீர் விட்டுக் கொப்பளித்தேன். எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, வேகமாகத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்று அச்சடித்துக் கொடுத்த தாள் கைப்பைக்குள் மடித்தபடியே கிடந்தது.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அடியில் இருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. புதுச் சதை வளர்வதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். துப்பித் துப்பி, கொப்பளித்துக் கொப்பளித்து அதைப் பெயர்த்துவிட்டால் குழி வெறுமனே நிற்கும். புகை பிடிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர்கள் இதை 'ட்ரை சாக்கெட்' என்கிறார்கள். எச்சிலோடு கலந்தால் கொஞ்சம் ரத்தமே நிறையத் தெரியும் என்பதும் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் இருபது நிமிடம் வைப்பேன், இருபது நிமிடம் எடுத்துவிடுவேன். இரண்டு தலையணை வைத்து உயரமாகப் படுத்தேன். ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, குழைய மசித்த தயிர் சாதம். தாளிப்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கடுகு குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எடுப்பது பெரும்பாடு.

மூன்றாம் நாள் ராத்திரி திடீரென்று வலி ஏறியது. பல் இருந்த இடத்தைவிடக் காதுக்குள்தான் அதிகம், திருகாணி முடுக்குவதுபோல. வாயில் ஒரு கெட்ட நாற்றம். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "பல் எடுத்தால் வலிக்காமலா இருக்கும், பொறுத்துக்கோ" என்றார் அம்மா. அன்றைய ராத்திரியும் மறுநாள் முழுவதும் பொறுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஐந்தாம் நாள் காலையில் டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "கட்டி போயிடுச்சும்மா, எலும்பு தெரியுது. நேத்தே வந்திருக்கலாமே" என்றார். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தைத் திரியில் தோய்த்து உள்ளே வைத்தார். வாய் முழுக்கக் கிராம்பு வாசனை. அரை மணி நேரத்தில் வலி பாதியாக இறங்கியது, ஆட்டோவில் வரும்போதே தூங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மருந்தை மாற்றினார்கள்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி ஏறினால் தயவுசெய்து அன்றைக்கே போய்விடுங்கள். வீட்டில் இருக்கிற கிராம்பு எண்ணெயை நீங்களே பஞ்சில் நனைத்துக் குழியில் திணிக்காதீர்கள், சதை வெந்துவிடும்.

* * *

அக்கா, என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது 68, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பல் எடுக்கணும் என்றதும் அவராகவே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நான் விடவில்லை. இதய டாக்டரிடம் கேட்டதற்கு, ஒரு பல்லுக்காக நிறுத்தவே வேண்டாம் என்றார். பல் டாக்டரும் அதைத் தெரிந்துகொண்டு குழியில் மருந்துப் பஞ்சு வைத்துத் தைத்து அனுப்பினார்.

அப்படியும் ராத்திரி கசிந்தது. போனில் கேட்டோம். சுத்தமான துணியை மடித்து, அரை மணி நேரம் இடையில் எடுத்துப் பார்க்காமல் கடிக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்ததுதான் எங்கள் பிழை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில். அரை மணி கழித்துத் துணியில் இளஞ்சிவப்புக் கறைதான் இருந்தது. நிற்காமல் வழிந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், போக வேண்டி வரவில்லை.

* * *

தம்பி, அப்பா நன்றாக இருப்பதில் சந்தோஷம். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர் ஆரம்பித்தீர்களா? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு. அழுத்திக் கொப்பளிக்க வேண்டாம், வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துவிட்டு, தானாக வழியவிடச் சொல்லுங்கள். நான் இன்னும் சாப்பிட்ட பிறகு அப்படித்தான் செய்கிறேன். நாக்கால் தொட்டால் குழி தெரிகிறது, ஆனால் போன வாரத்தைவிட ஆழம் குறைந்திருக்கிறது.