இஸ்தான்புல் மொட்டை மாடி பிரஞ்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு): எந்தப் பக்கம் உட்காரலாம்?

காவிரிக்கரை:
ஏப்ரலில் நானும் கணவரும் அம்மாவை அழைத்துக்கொண்டு இஸ்தான்புல் போகிறோம். பழைய நகரத்தில், சுல்தானஹ்மெட் பகுதியில் தங்குகிறோம். ஞாயிறு காலை பத்தரைக்கு, ஊர் முழுக்கத் தெரிகிற ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து மதியம் வரை நிதானமாகச் சாப்பிட ஆசை. எதிர்க்கரையில் இருக்கிற கலாட்டா பகுதிக்குப் போங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. முட்டை சாப்பிடுவோம், இறைச்சி கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

உஸ்குதார் நெல்லைக்காரன்:
சகோதரி, கலாட்டாவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாடிகளில் பழைய நகரத்தைப் பார்க்கத் தெற்கு நோக்கித்தான் உட்கார வேண்டும். பதினோரு மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மசூதிகள் எல்லாம் படத்தில் கறுப்பாக விழும்.

காலைச் சாப்பாட்டுக்கு நான் சொல்வது பழைய நகரத்திலேயே சுலைமானியே மசூதிக்குப் பின்னால் இருக்கிற சரிவு. அங்குள்ள மாடிகள் வடக்கே பார்த்தவை, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். கீழே கோல்டன் ஹார்ன் என்ற கடல் கழி, எதிர்க்கரையில் 1348இல் ஜெனோவாக்காரர்கள் எழுப்பிய கலாட்டா கோபுரம், வலப்பக்கம் பாஸ்பரஸ் நீரிணை, அதற்கு அப்பால் ஆசியக் கரை. எமினோனு படகுத்துறையில் இருந்து ஆசியக் கரையில் உள்ள உஸ்குதாருக்குப் படகுகள் போவதும் வருவதும் தெரியும். இந்த ஊரில் குடியிருக்கிற எனக்கே அந்தக் காட்சி இன்னும் சலிக்கவில்லை. முதலில் மசூதிக்குள் போய்வாருங்கள். 1557இல் சினான் என்ற கட்டடக் கலைஞர் கட்டி முடித்தது. உள்ளே அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மாடிக்குப் போனால் பசியும் சரியாக இருக்கும். மதியம் ஒரு மணியை ஒட்டி நாலா பக்கமும் பாங்கு ஒலிக்கும், ஒரு மசூதியின் குரல் முடிவதற்குள் அடுத்தது எழும். அதுவரை எழுந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்காக ஒன்று: எமினோனுவில் இறங்கி நடக்க வேண்டாம், செங்குத்தான ஏற்றம். டி1 டிராமில் பெயாஸித் நிறுத்தத்தில் இறங்கினால் நடை எளிது. டாக்ஸி என்றால் மசூதி வாசலுக்கே போகலாம். இந்தக் கட்டடங்கள் பழையவை, பலவற்றில் லிஃப்ட் இருக்காது. எத்தனை மாடி, படி எப்படி என்று முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு 'செர்ப்மே கஹ்வால்ட்டி' என்று கேளுங்கள். மேசை நிறையச் சின்னச் சின்னத் தட்டுகளாக வைப்பார்கள்: வெள்ளைப் பாலாடைக்கட்டி, கறுப்பும் பச்சையுமாக ஆலிவ், தக்காளி, வெள்ளரி, எள் ஒட்டிய வளைய ரொட்டியான சிமித், வால்நட் போட்ட மிளகாய் விழுது, தேனோடு கைமாக். கைமாக்கை விட்டுவிடாதீர்கள், எருமைப்பாலில் எடுத்த கெட்டி ஆடை அது. சூடாக மெனெமென் வரும், நம் வீட்டுத் தக்காளி முட்டைப் பொரியல் கொஞ்சம் தளர்வாக இருந்தால் எப்படியோ அப்படி. 'சுசுக்' என்பது பெரும்பாலும் மாட்டிறைச்சித் தொத்திறைச்சி, அதை முட்டையோடு சேர்த்துப் பொரிப்பார்கள். அதனால் உட்கார்ந்ததுமே 'எத்சிஸ்' என்று சொல்லிவிடுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். விலை தலைக்கு இவ்வளவு என்று இருக்கும், குறைந்தது இரண்டு பேருக்கு என்பார்கள். மூன்று பேர் என்றால் இரண்டு பேருக்கு வாங்கிக் கூட ஒரு மெனெமென் சேர்த்தாலே போதும். சம்மதிப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஜன்னலோரம்:
அண்ணன் சொன்ன வெயில் விஷயம் உண்மை. நான் சேர்ப்பது காற்று. ஏப்ரலில் மாடியில் நம் ஊர் ஆட்களுக்குக் குளிரும். அம்மாவுக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி அடைப்பு உள்ள மேசையாகப் பாருங்கள். அப்புறம் கடற்காகங்கள். சில மாடிகளில் படத்துக்காகவே ரொட்டி போட்டுப் பழக்கியிருக்கிறார்கள், தட்டுக்கே வந்துவிடும். வயதானவர்களோடு போகும்போது அந்த மாதிரி இடம் வேண்டவே வேண்டாம்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, தோழி. சுலைமானியே என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவுக்குப் பால் விட்ட டீ இல்லாமல் முடியாதே, கிடைக்குமா?

உஸ்குதார் நெல்லைக்காரன்:
இங்கே டீயில் பால் விடும் பழக்கம் இல்லை. 'சுத்' என்றால் பால், தனியாகக் கேட்டால் பல இடங்களில் தருவார்கள். ஆனால் முதல் கிளாஸை அம்மா அப்படியே குடித்துப் பார்க்கட்டும், இடுப்பு ஒடுங்கிய சின்ன கிளாஸில் நல்ல சிவப்பாக வரும். காலியாக ஆக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிளாஸின் மேல் குறுக்கே கரண்டியை வைத்துவிடச் சொல்லுங்கள்.