ஸ்டெயின்லெஸ் போல்ட், கறளே இல்லை, ஆனால் அசையவில்லை: இஞ்சின் கீழ்ப்பாகம் கழட்ட உதவி வேண்டும்

வாவிக்கரை, கல்லடி:
வணக்கம். எங்கள் வள்ளத்தின் பின்பக்கம் மாட்டியிருப்பது 15 குதிரைவலு இஞ்சின். கடலுக்கும் போகும், வாவிக்குள்ளும் ஓடும். கொஞ்ச நாளாகப் பக்கத்தால் பீச்சுகிற தண்ணீர் மெலிந்துவிட்டது, இஞ்சின் சூடாகிறது. துவாரத்தைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தும் மாற்றம் இல்லை. இனி இம்பெல்லரைத்தான் (இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரம்) பார்க்க வேண்டும், அதற்குக் கீழ்ப்பாகத்தை இறக்க வேண்டும். பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் ஸ்டெயின்லெஸ், ஒரு பொட்டுக் கறள் இல்லை. தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி மட்டும் படிந்திருக்கிறது. ஒரு போல்ட்டின் தலையை முன்பு வேலை செய்த ஒருவர் மழுக்கிவிட்டார். தலை அறுந்தால் தொழில் நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. ஸ்பனரில் நீளக் குழாய் மாட்டி இழுக்கலாமா?

வாழைச்சேனை:
குழாய் வேண்டாம் தம்பி. 8 மில்லிமீட்டர் போல்ட், முறுகி அறுந்துவிடும். இரவைக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் பாருங்க. கலப்பை நட்டுக்கெல்லாம் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

கல்முனை லேத் காக்கா:
கலப்பைக்கு மண்ணெண்ணெய் சரி. அங்கே இரும்போடு இரும்பு, பிடிப்பது கறள். தம்பியின் இஞ்சினில் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் அரித்துப் போகிறது. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் பற்றரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடி அதிலிருந்து வருவது. அலுமினியமாக இருந்ததைவிட அதிக இடம் பிடிப்பதால் புரிக்குள் நெருக்கி இறுக்கிவிடுகிறது. கூடவே காய்ந்த உப்பு. எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் எண்ணெய்க்கு முதல் சுடுதண்ணீர்.

பெற்றோல் தாங்கியைக் கழட்டித் தூர வையுங்க. போல்ட் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பழைய துணியைக் கட்டி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்க. ஒவ்வொரு பாகைக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், ஸ்டெயின்லெஸ் ஏறக்குறைய 17 பங்கு. 60 பாகை ஏறினால் 8 மில்லிமீட்டர் துவாரத்தில் கிடைக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்குதான். அது போதும். சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறி வரும்போது உள்ளே காய்ந்த படிவு வெடிக்கும். அதன் பிறகு விடுகிற எண்ணெய்க்குத்தான் இறங்க வழி இருக்கும்.

காஸ் நெருப்பு மட்டும் வேண்டாம். அலுமினியம் 660 பாகையில் உருகும், ஆனால் இரும்பைப் போல முதலில் சிவந்து காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்துவிடும். பக்கத்தில் ரப்பர் இம்பெல்லரும் எண்ணெய் சீலும் இருக்கின்றன.

பிறகு தலைமேல் ஒரு பித்தளைத் துண்டை வைத்து நேராகத் தட்டுங்க. ஆறுமூலை சொக்கெட்தான் போட வேண்டும், பன்னிரண்டு மூலை ரிங் தலையை மழுக்கும். முதலில் இறுக்கும் பக்கம் மெல்ல ஒரு அழுத்து, பிறகு கழட்டும் பக்கம். கால் சுற்று வந்துவிட்டது என்று ஒரே இழுவையாக இழுக்காதீங்க. கீச்சென்று சத்தம் கேட்டால் திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் போட்டு, மறுபடி வெளியே. கிளம்பிய பொடி புரியில் சிக்கும், நிறையப் போல்ட் அறுவது அந்த இடத்தில்தான்.

வாவிக்கரை, கல்லடி:
நன்றி காக்கா. மழுங்கின தலைக்கு என்ன செய்ய? கடையில் இஸி அவுட் (போல்ட்டில் துளை போட்டு, உள்ளே முறுக்கி ஏற்றிக் கழட்டும் கருவி) ஒரு செட் இருக்கிறது, வாங்கவா?

கல்முனை லேத் காக்கா:
இஸி அவுட் வேண்டாம் தம்பி. அது கடும் உருக்கு. இவ்வளவு இறுகியதில் உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் பிட் அதை வெட்டாது. தலை 12 மில்லிமீட்டர் என்றால் 15/32 அங்குல ஆறுமூலை சொக்கெட் தேடுங்க, அது 11.9 மில்லிமீட்டர். சுத்தியலால் அடித்து ஏற்றினால் மழுங்கின மூலையை வெட்டிக்கொண்டு பிடிக்கும். அந்த அடி புரியையும் இளக்கும். அதுவும் வழுக்கினால் பட்டறைக்குக் கொண்டுவாங்க, தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைப்போம். தலையே போனாலும் வழி இருக்கிறது. மிஞ்சின முளையில் நட்டை ஒட்டலாம், இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அதற்கும் அசையாவிட்டால்தான் சரி நடுவில் புள்ளி வைத்து 6.8 மில்லிமீட்டர் பிட்டால் துளைப்பது.

ஒலுவில்:
இன்னொன்று. போல்ட் எல்லாம் கழன்றதும் கீழே இழுத்துவிடாதீங்க. பல மொடல்களில் கியர் மாற்றும் கம்பியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும்.

வாவிக்கரை, கல்லடி:
நான்கும் வந்துவிட்டன! முதல் போல்ட் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது, அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் தலைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வெள்ளைக் கோடு பிளந்திருந்தது. மழுங்கினதை 15/32தான் எடுத்தது. புரிப் பள்ளம் முழுக்க அந்தப் பொடி, நகத்தால் சுரண்ட வரவில்லை, கம்பித் தூரிகை தேவைப்பட்டது. இம்பெல்லரில் இரண்டு இதழ் பிய்ந்திருக்கிறது. திரும்பப் பூட்டும்போது பூச என்று கடையில் செப்புப் பசை தந்தார்கள், போடலாமா?

கல்முனை லேத் காக்கா:
சந்தோஷம் தம்பி. முதலில் பிய்ந்த இதழ்த் துண்டுகளைத் தேடுங்க. மேலே போகிற தண்ணீர்க் குழாயில் சிக்கியிருக்கும், விட்டுவிட்டால் புது இம்பெல்லர் போட்டாலும் சூடாகும். செப்புப் பசை கறள் பிடிக்கிற இரும்புக்கு நல்லது. உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு செப்புச் சேர்ந்தால் அரிப்பு இன்னும் கூடும். தண்ணீரில் கழுவிப் போகாத மரைன் கிரீஸைப் புரியிலும் தலைக்கு அடியிலும் பூசுங்க. அலுமினியத்துக்குப் பதிலாக அரிப்பை வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் நாகத் (துத்தநாக) துண்டையும் பாருங்க, பாதி கரைந்திருந்தால் மாற்றுங்க, அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம். வாடைக்கு வள்ளத்தைக் கரையேற்றுகிற நேரம் நான்கையும் ஒருமுறை கழட்டி, துடைத்து, திரும்பக் கிரீஸ் போட்டுப் பூட்டுங்க.